கூண்டு வண்டி

கூண்டு வண்டி என்பது, வளைத்துக் கட்டிய மூங்கில் சட்டத்தின்மீது ஓலை, பாய் அல்லது துணி போர்த்திய கூரையை உடைய, காளைகள் இழுக்கும் இருசக்கர வண்டி ஆகும். கூட்டு வண்டி, கூடார வண்டி ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் தொடர்வண்டியும் பேருந்தும் பரவுவதற்கு முன்னர், குடும்பத்துடன் நெடுந்தொலைவு செல்வோருக்கு இதுவே ஊர்தியாக இருந்தது. வழியில் உறங்கும் இடமும், அரிசி, பருப்பு, பாத்திரங்களை வைக்கும் அறையும் இதுவே.

வசதி படைத்தோர் பயணத்துக்கெனத் தனி வண்டி செய்து வைத்திருந்தனர். பெரும்பாலான வேளாண் குடும்பங்களிடம் இருந்ததோ எருவும் நெல்லும் வைக்கோலும் ஏற்றும் ஒரே சுமை வண்டி. திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ புறப்படும்போது அதன்மேல் கழற்றக்கூடிய கூண்டு ஒன்றை ஏற்றிக் கட்டினர். திரும்பியதும் இறக்கி மாட்டுக் கொட்டகையில் சாய்த்து வைத்தனர். குறைந்த செலவில் சுமை வண்டி ஒன்றைத் தங்கும் வண்டியாக மாற்றும் இம்முறையே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிகளின் நிலமும் நீரும் மழையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

பெயரும் வகைகளும்

கூடு, கூண்டு ஆகிய இரு சொற்களும் வண்டியின் வளைந்த மேற்கூரையைக் குறிக்கின்றன. அச்சுக்கும் வண்டித் தட்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகளாலான வில் பொருத்தப்பட்டிருப்பின் அது வில் வண்டி எனப்படும். வில் வண்டி பெரும்பாலும் நிலக்கிழார், வணிகர் ஆகியோரின் உடைமையாக இருந்தது. அதன் கூண்டு நிலையானது, உள்ளே மெத்தையும் பக்கத்தில் சாளரமும் இருப்பதுண்டு. பந்தயத்துக்குரிய ரேக்ளா வண்டி எடை மிகக் குறைந்தது. அதற்குக் கூண்டு இல்லை. கூண்டு கழற்றப்பட்ட சுமை வண்டி கட்டை வண்டி, பார வண்டி என்ற பெயர்களால் அறியப்படுகிறது.

பழந்தமிழ் இலக்கியத்தில்

வண்டியையே வீடாகக் கொண்டு பயணம் செய்தோரைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சித்திரங்கள் உமணர் எனப்படும் உப்பு வணிகரைப் பற்றியவை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உமணரின் கூரை வேய்ந்த வண்டி ஒன்றை உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது. அதன் கூரை, தினைப்புனத்தில் யானைக்குக் காவல் இருப்போரின் குடிசையை ஒத்திருக்கிறது. வாயிலில் கோழி அடையும் கூடு இருக்கிறது. பெண் யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளது. வண்டியின் முகப்பில் காடி வைத்த கலம் கயிற்றால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையுடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்ட, வேப்பமாலை அணிந்த ஆடவர் வண்டிவரிசையின் பக்கத்தே காவலாக வருகின்றனர். பிற்காலக் கூண்டு வண்டிகளில் பெண்கள் உள்ளே அமர்ந்து செல்வோராகவே பெரும்பாலும் காணப்படுவதால், இவ்வண்டியை ஓட்டுபவள் பெண் என்பது கவனிக்கத்தக்கது.

பொருள்கள் வைக்கப்பட்ட இடங்களும் நோக்கத்தக்கவை. உரல், காடிக்கலம், கோழிக்கூடு மூன்றும் வண்டியின் வெளிப்புறத்தில் உள்ளன. உள்ளிடம் உப்புக்கும் ஆட்களுக்கும் விடப்பட்டுள்ளது.

புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் உமணர் வண்டியின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். சேம அச்சு என்பது ஓடும் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மற்றோர் அச்சு. எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை, பாரமோ பெரிது, பள்ளமும் மேடும் எங்கே வரும் என்பதை யாரறிவார் என்ற எண்ணத்தால் உமணர் அதனைக் கட்டிச் சென்றனர் என்கிறது பாடல். இன்றைய ஊர்திகளில் மாற்றுச் சக்கரத்தை அடியில் பொருத்தும் வழக்கத்துக்கு ஒப்பான முன்னெச்சரிக்கை இது. மிகுபாரத்தால் அச்சு முறிவதைத் திருக்குறளும் மயிலிறகு உவமையால் சுட்டுகிறது.

நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும் உமணர் வண்டிகள் வருகின்றன. அந்நூலின் தலைவன் நல்லியக்கோடனது ஓய்மானாடு இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி ஆகும். அதில் கூறப்படும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியுடன் ஆய்வாளர் பலர் இணைத்துக் கூறுவர். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணத்தில் உப்பளங்கள் இன்றும் இயங்கிவருகின்றன.

வில்லியனூர், பாகூர் பகுதிகளில்

வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலும், பாகூர் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. வில்லியனூரை ஒட்டிச் சங்கராபரணி ஆறு ஓடுகிறது. அருகே ஊசுட்டேரி உள்ளது. பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதனை அடைகிறது. நெல் விளையும் இப்பகுதிகளில் வைக்கோலுக்குக் குறைவில்லை. பனையும் மூங்கிலும் எளிதில் கிடைப்பவை. கூண்டு அமைக்கத் தேவையான பொருள்களில் ஏறத்தாழ அனைத்தும் இம்மூன்றில் அடங்கிவிடும்.

பயணத்துக்குரிய காரணங்களும் பலவாக இருந்தன. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே பெயர் பெற்றது. அக்காலத்தில் ஆளுநர் வடம்பிடித்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வடம்பிடிப்பதாகத் தொடர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த வில்லியனூர் லூர்து மாதா ஆலயத்தின் திருவிழா ஈஸ்டரை அடுத்து நடைபெறுகிறது. மாசிமகத்தன்று மயிலம் முருகன் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்காகப் புதுச்சேரிக் கடற்கரைக்கு வருகின்றனர். சங்கராபரணிக் கரையிலுள்ள திருக்காஞ்சியிலும் அன்று நீராடல் உண்டு. இத்தகைய விழாக்களுக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் 'வண்டி கட்டிக்கொண்டு' செல்வது பேருந்துகள் பரவும்வரை பொது வழக்கம்.

இவற்றுள் நெடும்பயணம் கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை செல்வதாகும். வில்லியனூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாடு ஒன்றுக்கு ஓய்வும் தீவனமும் கொடுத்து நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் ஓட்டினால் நான்கு நாள் ஆகும். தீபத்தையொட்டி அங்கு மாட்டுச் சந்தையும் கூடுவதால், வழிபாட்டோடு மாடு வாங்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரிப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கார்த்திகைப் பயணம் அம்மழைக் காலத்தின் நடுவே அமைகிறது. எனவே ஒழுகாத கூண்டு என்பது இப்பயணத்தில் ஆடம்பரம் அன்று.

புதுச்சேரியின் நிலப்பரப்பு தமிழக நிலப்பகுதிகளுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடப்பதால், பாகூரிலிருந்து அருகிலுள்ள கடலூருக்குச் செல்லும் வண்டி கூட அக்காலத்தில் ஓர் ஆட்சியின் எல்லையைக் கடந்து மற்றோர் ஆட்சிக்குள் நுழைய வேண்டியிருந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரித்தானிய இந்தியாவுக்கும் இடையே 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949இல் முடிவுக்கு வந்ததும் எல்லைச் சோதனை கடுமையாயிற்று. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டபின் இந்நிலை நீங்கியது.

வண்டியின் அமைப்பு

சக்கரத்தின் நடுவே அச்சு நுழையும் பகுதி குடம் எனப்படும். குடத்திலிருந்து புறப்படும் கால்கள் ஆரக்கால்கள். அவை சென்று பொருந்தும் வளைந்த மரத்துண்டுகள் வட்டைகள். ஆறு வட்டைகளும் வட்டைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஆரக்கால்களும் கொண்ட சக்கரம் பரவலாகக் காணப்படுவது. சக்கரம் கழன்று வெளியேறாமல் அச்சின் முனையில் செருகுவது கடையாணி. அச்சின்மேல் தடித்த கட்டை ஒன்றும், அதன்மேல் வண்டியின் தட்டாகிய பாரும் அமைகின்றன. பாரின் இரு பக்கங்களிலும் துளைகளில் செருகப்படும் குச்சிகள் முளைக்குச்சிகள். கூண்டு கட்டுவதற்கு இவையே பற்றுக்கோடு. பாரிலிருந்து முன்னே நீளும் மரம் ஏர்க்கால். அதன் நுனியில் நுகத்தடி குறுக்காகக் கட்டப்படுகிறது. சக்கரம் முதலியவற்றுக்குக் கருவேல மரம் பெரிதும் பயன்பட்டது.

வட்டைகளின்மேல் இரும்புப் பட்டை ஏற்றும் முறை வெப்பவிரிவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகச் செய்து, வறட்டி அடுக்கித் தீமூட்டிப் பழுக்கக் காய்ச்சுவர். அது விரிந்ததும் இடுக்கிகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் அமர்த்தித் தண்ணீர் ஊற்றுவர். 1.5 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 4.7 மீட்டர். வெப்பநிலை 500 பாகை செல்சியசு உயர்ந்தால் இரும்புப் பட்டை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்து சுருங்கும்போது அது வட்டைகளையும் ஆரக்கால்களையும் குடத்தை நோக்கி இறுக்குகிறது. ஆணி அடித்துப் பெற முடியாத இறுக்கம் இது.

சுமை வண்டியைக் கூண்டு வண்டியாக்குதல்

முதன்முறையாகக் கூண்டு கட்டும் ஒருவருக்கு முதலில் கண்ணில் படுவது கூரையும் படுக்கையும் ஆகும். ஆனால் கையிலுள்ள பணம் செல்ல வேண்டிய இடம் வண்டியின் அடிப்பகுதி. கூரை ஒழுகினால் ஒரு குடும்பம் நனையும். கடையாணி விழுந்தால் வண்டி குடை சாயும். ஆகவே பயணத்துக்கு முன் தச்சரிடமும் கொல்லரிடமும் வண்டியைக் காட்டுவதே முதல் வேலை. கோடையில் மரம் உலர்ந்து ஆரக்கால்கள் ஆட்டங்கொண்டால் சக்கரங்களைக் கழற்றிக் குளத்தில் ஓரிரவு ஊறப்போடும் வழக்கம் உண்டு. நீர் குடித்த மரம் ஊதி இறுகிவிடும். எனினும் இது தற்காலிகத் தீர்வே. நான்கு நாள் வெயிலில் மரம் மீண்டும் சுருங்கும். பட்டையைக் கழற்றி, சிறிது வெட்டிக் குறுக்கி மீண்டும் ஏற்றுவதுதான் நிலையான வழி.

அடுத்த செலவு லாடம். மாட்டின் குளம்பு பிளவுபட்டிருப்பதால் குதிரைக்குப் போல் ஒரு காலுக்கு ஒரு லாடம் போதாது. ஒரு காலுக்கு இரண்டாக, ஒரு காளைக்கு எட்டு, ஒரு சோடிக்குப் பதினாறு லாடங்கள் தேவை. சரளைச் சாலையில் தேய்ந்த குளம்போடு நடக்கும் மாடு இரண்டாம் நாளே நொண்டத் தொடங்கும். அச்சுக்கு இடும் வண்டிமை வீட்டிலேயே செய்யப்பட்டது. வைக்கோலை எரித்த கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மூங்கில் குழாயில் அடைத்து வண்டியில் தொங்கவிட்டுக்கொள்வர்.

இவ்வளவுக்குப் பின்னரே கூண்டு. பச்சை மூங்கிலைப் பிளந்து, மெல்லிய தீயில் வாட்டி வளைத்து, இரு முனைகளையும் எதிரெதிர் முளைக்குச்சிகளோடு கட்டுவர். இவ்வாறு நான்கைந்து வளைவுகளை நிறுத்தி, நீளவாக்கில் பிளாச்சுகளை வைத்துத் தென்னங்கயிற்றாலோ பனைநாராலோ பிணைத்தால் சட்டம் முடிந்தது. ஆணி பயன்படுத்துவதில்லை. சாலையின் அதிர்வில் ஆணித்துளை பெருகி மூங்கில் பிளந்துவிடும். கயிற்றுக் கட்டோ அதிர்வுக்கு நெகிழ்ந்து கொடுத்துத் தளர்ந்தாலும் மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். சட்டத்தின்மேல் பனையோலைப் பாய் அல்லது கோரைப்பாய், மழைக்காலமாயின் அதன்மேல் தார்ப்பாய். பாய்க்கும் தார்ப்பாய்க்கும் இடையே சிறிது இடைவெளி விட்டால் அங்குள்ள காற்று வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும். இரண்டையும் ஒட்டிப் போட்டால் உட்புறம் அடுப்பங்கரைபோல் ஆகும்.

கூண்டை உயர்த்திக் கட்டுவதில் பயனில்லை. உள்ளே நிமிர்ந்து உட்கார இடமிருந்தால் போதும். கூரை உயர உயர வண்டியின் எடைமையம் மேலேறுவதோடு, பக்கக் காற்றும் அதிகம் பிடிக்கும். களிமண் சாலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது கவிழ்வது உயரமான வண்டியே. கூண்டின் முன்பகுதியை ஒரு முழம் நீட்டி விடுவர். ஓட்டுபவருக்கு அது குடை. முன்னும் பின்னும் திறந்தே இருக்கும். பழைய புடைவையைத் திரையாகக் கட்டினால் மறைவும் காற்றோட்டமும் கிடைக்கும்.

படுக்கைக்குப் பணம் தேவையில்லை. பாரின்மேல் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, சாக்கு, அதன்மேல் ஜமுக்காளம் விரிப்பர். வில் இல்லாத வண்டியில் அதிர்வைத் தாங்குவது இவ்வைக்கோல் ஒன்றே. இதற்கு இன்னொரு பணியும் உண்டு. ஏறத்தாழ 350 கிலோ எடையுள்ள காளைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 8 கிலோ உலர்தீவனம் வேண்டும். சோடிக்கு 15 கிலோ எனக் கொண்டால் நான்கு நாளுக்கு 60 கிலோ. அதனைத் தனி மூட்டையாக ஏற்றாமல் படுக்கையாக விரித்துச் சென்றால் இடம் மிச்சம். நாள்தோறும் ஒரு பகுதியை உருவி மாட்டுக்குப் போட, படுக்கையும் நாள்தோறும் மெலியும். கடைசி நாள் பயணத்தில் எலும்பு தெரியும் என்பதே இம்முறையின் குறை. வழியூர்களில் வைக்கோல் வாங்கி ஈடுசெய்தோரும் உண்டு.

பாரம் வைக்கும் முறை

இருசக்கர வண்டியில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முதன்மையானது. அச்சுக்கு முன்னே எடை கூடினால் அது முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்னே கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலெழும்ப, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நுகத்தடி அச்சிலிருந்து 3 மீட்டர் முன்னே உள்ளதெனக் கொள்வோம். அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னே வைத்த 40 கிலோ அரிசி மூட்டை நுகத்தடியை 8 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். அதே மூட்டையை அச்சுக்கு நேர்மேலே வைத்தால் கழுத்தில் எந்த மாற்றமும் இராது.

எனவே அரிசி, நீர்க்குடம், பெட்டி ஆகிய கனமான பொருள்கள் அச்சுக்கு மேலே, தாழ்வாக வைக்கப்படும். பாத்திரங்கள், வாளி, கயிறு போன்ற இலேசானவை வெளியே தொங்கும். சமன் சரியாக உள்ளதா என்பதை அறிய, எல்லோரும் ஏறி அமர்ந்தபின் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பர். சிறு பாரம் கையில் உணரப்பட வேண்டும், ஆனால் ஒருவரால் எளிதில் தூக்க முடிய வேண்டும். ஏற்றத்தில் எடை பின்னே சாய்வதால் ஓட்டுபவர் ஏர்க்கால் பக்கம் நகர்ந்து அமர்வதும், பெரியவர்கள் இறங்கி நடப்பதும் வழக்கம். கூண்டு வண்டிப் பயணம் என்பது பெரும்பாலான ஆண்களுக்கு வண்டியின் பின்னே நடக்கும் பயணமாகவே இருந்தது.

உழைக்கும் மாடு தன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசையோடு நெடுநேரம் இழுக்கும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. இரு காளைகள் சேர்ந்து 70 கிலோகிராம் விசை, மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 700 வாட் ஆகும். ஒரு குதிரைத்திறனுக்கும் சற்றுக் குறைவான இத்திறனே ஒரு குடும்பத்தையும் அதன் வீட்டையும் நகர்த்துகிறது. தேவையற்ற ஒவ்வொரு பொருளின் விலையையும் மாடு செலுத்துகிறது.

நெருப்பும் நீரும்

வைக்கோல் படுக்கையும் ஓலைக் கூரையும் உள்ள வண்டிக்குள் விளக்கு வைப்பது ஆபத்தானது. அரிக்கேன் விளக்கை வண்டியின் அடியில் அச்சுக்கு அருகே தொங்கவிடுவது இதனாலேயே. அங்கிருந்து அது சக்கரத்தடத்துக்கு ஒளி தருவதோடு பின்வரும் வண்டிக்கு அடையாளமாகவும் அமைகிறது. சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியே, காற்றுக்கு எதிர்ப்புறத்தில் மூன்று கல் கூட்டியே நடைபெறும். முதல் நாளுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டுச்சோறாக வரும். அடுத்த நாளிலிருந்துதான் அடுப்பு.

மனிதருக்கு வேண்டிய நீரை ஒரு பானையில் கொண்டு செல்லலாம். ஒரு காளை நாளொன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் நீர் குடிக்கும். சோடிக்கு வேண்டிய நீரை ஏற்றினால் ஒருவர் எடை கூடிவிடும். ஆகவே வழியைத் தீர்மானித்தவை ஏரிகளும் குளங்களும் ஆகும். தூரம் குறைந்த பாதையைவிட, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நீர்நிலை உள்ள பாதையே விரும்பப்பட்டது. சத்திரங்களும் சுமைதாங்கிக் கற்களும் தண்ணீர்ப் பந்தல்களும் புளியமரச் சாலைகளும் இப்பயண முறையைச் சார்ந்து எழுந்தவை. பகல் வெயில் தவிர்த்து, பின்னிரவிலும் மாலையிலும் ஓட்டுவர். பல வண்டிகள் வரிசையாகச் செல்லும்போது முதல் வண்டியின் மாடு வழியறிந்ததாக இருந்தால் மற்ற வண்டிக்காரர்கள் சற்றுக் கண்ணயரலாம்.

கண்ணீர்த்துளி வண்டியுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் தோன்றிய டியர்டிராப் எனப்படும் கண்ணீர்த்துளி வடிவ இழுவை வண்டி, கூண்டு வண்டிக்குத் தொடர்பில்லாமல் உருவாகியும் அதனைப் பல வகையில் ஒத்திருக்கிறது. மகிழுந்தால் இழுக்கப்படும் இது, முன்புறம் உருண்டு பின்புறம் சரியும் கூரையை உடையது. ஒட்டுப்பலகையின் வழக்கமான 4 அடிக்கு 8 அடி அளவே இதன் தரையின் அளவாகவும் அமைந்தது. பலகையை வீணாக வெட்டாமல் எளியோரும் வீட்டிலேயே செய்துகொள்ள இது உதவியது. இதற்கான வரைபடங்களை அந்நாட்டு இயந்திரக்கலை இதழ்கள் வெளியிட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த மிச்ச அலுமினியத் தகடுகள் பலவற்றின் மேற்போர்வையாயின.

இதிலும் உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. சமையலறை வண்டியின் பின்புறக் கதவைத் தூக்கினால் வெளிப்படும். சமைப்பவர் வெளியே நிற்பார். உமணர் வண்டியின் உரலும் காடிக்கலமும் வெளியே இருந்ததை இது நினைவூட்டும். எடைப் பங்கீட்டிலும் ஒப்புமை உண்டு. இழுவை வண்டியின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இணைப்புக் கொக்கியின்மேல் இருக்க வேண்டும் என்பது இன்றைய பொது விதி. பின்பாரம் மிகுந்தால் மாட்டு வண்டியில் தொண்டை இறுகும். மகிழுந்தின் பின்னே வரும் வண்டியோ விரைவில் பாம்புபோல் நெளிந்து கவிழ்ந்துவிடும். ஒரு வேறுபாடும் உண்டு: மூடிய பலகைப் பெட்டிக்குள் உறங்குவோருக்குக் காற்றுத்துளை இன்றியமையாதது, அதற்குள் அடுப்போ கரியோ எரிப்பது உயிருக்கு ஆபத்து. இருபுறமும் திறந்த கூண்டில் இச்சிக்கல் எழவில்லை.

வீழ்ச்சியும் இன்றைய நிலையும்

விழுப்புரம் - புதுச்சேரி இருப்புப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. வில்லியனூர் அதில் ஒரு நிலையம். தொடர்வண்டி நெடும்பயணத்தைக் குறைத்தாலும், நிலையம் வரை செல்லவும் இருப்புப்பாதை இல்லாத ஊர்களுக்கும் கூண்டு வண்டி தேவைப்பட்டது. அதனை முற்றிலும் விலக்கியவை பேருந்துகளே. பின்னர் காற்றடைத்த சக்கரங்களைக் கொண்ட டயர் வண்டி மரச்சக்கர வண்டியின் இடத்தைப் பிடித்தது. அதனை இழுப்பது எளிது, சாலையும் கெடாது. ஆனால் சக்கரம் சிறியதாதலால் பள்ளங்களில் அதிகம் இறங்கும். இழுவை இயந்திரமும் சிறு சரக்குந்தும் வந்தபின் டயர் வண்டியும் குறைந்துவிட்டது. மரச்சக்கரம் செய்யும் தச்சர்களும் பட்டை ஏற்றும் கொல்லர்களும் அரிதாகிவிட்டனர். மேற்கூறிய உறுப்புப் பெயர்களுள் கடையாணி, அச்சு போன்ற சில மட்டுமே பொதுவழக்கில் எஞ்சியுள்ளன.

தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றின் மக்கள் ஆடி மாதத்தில் மதுரை அழகர்கோவிலுக்கு மாட்டு வண்டிகளில் கூண்டு கட்டிச் செல்லும் வழக்கத்தை விடாமல் காத்துவருகின்றனர். இப்போது கட்டப்படும் கூண்டுகளில் மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாயும், பாய்க்குப் பதில் நெகிழித் தார்ப்பாயும் பயன்படுவதுண்டு. நெகிழி மழையை நன்கு தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. கீழே ஒரு கோரைப்பாய் விரித்துக் கட்டினால் இக்குறை பெருமளவு நீங்கும்.

இன்று மாட்டு வண்டியில் பயணம் செய்வோர், விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் இயற்றப்பட்ட இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். மாட்டின் பருமனையும் சக்கரத்தின் வகையையும் பொறுத்து ஏற்றக்கூடிய எடைக்கு அவ்விதிகள் வரம்பு விதிக்கின்றன. ஓட்டுபவரையும் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளையும் நீக்கி, வண்டியில் நால்வருக்கு மேல் ஏறக்கூடாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலோ மாட்டை ஓட்டக்கூடாது. வெப்பநிலை 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓட்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. முன்னாளில் அந்த மூன்று மணி நேரமும் வண்டிகள் அவிழ்க்கப்பட்டு ஏரிக்கரைப் புளியமரங்களின் கீழ் நின்றன.